மருத்துவமனை வெப்சைட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்க: விட்ஜெட்டா, செப்பனிடுவதா, புதிதாகக் கட்டுவதா?

தங்கச்சிமடத்தில் எனக்கு நாலாம் வகுப்பு எடுத்த டீச்சருக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. போனில், திரையில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை வைத்துக்கொண்டு பேங்க் கணக்கு பார்ப்பார், பேரனுக்கு மெசேஜ் அனுப்புவார், செய்தி கேட்பார். போன மழைக்காலத்தில், ராமநாதபுரத்து மருத்துவமனை ஒன்றுக்கு மதுரையிலிருந்து வரும் சிறுநீரக மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று பார்க்க அதன் வெப்சைட்டைத் திறந்தார். போன் சொன்னது இவ்வளவுதான்: "படம். படம். பட்டன். பட்டன். படம்." டாக்டர்கள் வரும் நாளும் நேரமும் அங்கே இருக்கத்தான் செய்தன, ஆனால் போஸ்டராக. போஸ்டருக்குள் இருக்கும் எழுத்து, கேட்டுப் படிப்பவருக்கு எழுத்தே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். "அவன் நல்ல பையன்தான் தம்பி. ஆனா எனக்குக் கிட்னியில பிரச்சினைன்னு அவனுக்கு ஏன் தெரியணும்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் இந்தப் பகுதியில் சின்ன வெப்சைட்டுகள் கட்டிக் கொடுத்தும் பராமரித்தும் பிழைப்பவன். டீச்சர் சொன்னதற்கு அப்புறம், தொண்டி முதல் சாயல்குடி வரை எனக்குத் தெரிந்த மருத்துவமனைக்காரர்கள் சிலரிடம் இதைப் பேசினேன். யாருக்கும் மனமில்லாமல் இல்லை. குழப்பம்தான். ஒருவருக்கு, தளத்தின் மேல் ஒட்டிவைக்கும் உதவிக் கருவியான விட்ஜெட்டை விற்கும் கம்பெனி போன் செய்திருக்கிறது. இன்னொருவரிடம் "பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசாகக் கட்டணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவர், "நம்ம ஆட்கள் போன்தானே பண்ணுவாங்க, வெப்சைட் எதுக்கு?" என்கிறார். இருபது, முப்பது படுக்கை உள்ள மருத்துவமனையை மனதில் வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

## முதலில் சட்டம், சுருக்கமாக

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் மருத்துவமனையை விட்டுவிடவில்லை. 25ஆம் பிரிவு அரசு, தனியார் இரண்டிலும் தடையில்லாத அணுகல் வேண்டும் என்கிறது. 46ஆம் பிரிவு, சேவை தருபவர் யாராக இருந்தாலும் விதிகள் வெளியான இரண்டு வருடத்துக்குள் அவற்றின்படி நடக்க வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆகவே செய்வதா வேண்டாமா என்பது இனி கேள்வி இல்லை. எப்படிச் செய்வது என்பதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

தனியாக முடிகிறதா. டாக்டர் வரும் நாளைப் பார்ப்பது, டோக்கன் போடுவது, ரிப்போர்ட் வாங்குவது: இந்த மூன்றையும் ஒருவர் பக்கத்து வீட்டைக் கூப்பிடாமல் முடிக்க வேண்டும். எனக்கு மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

தமிழில் முடிகிறதா. நம் ஊர்த் தளங்கள் தனியாகச் சறுக்கும் இடம் இது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் சொல்லாவிட்டால், போன் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று குழறும், அல்லது விட்டுவிட்டுப் போய்விடும். பழைய தளங்களில் இதைவிட மோசம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய "அம்மா" கண்ணுக்குத்தான் அம்மா. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். டாக்பேக் போலத் திரையைப் படிக்கும் மென்பொருள், அதாவது ஸ்கிரீன் ரீடர், அதை "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்கிற மாதிரி படிக்கும். தமிழைத் தமிழாகவே பதியும் பொதுத் தரமான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. இன்னும் பாமினியிலேயே நிற்கும் பக்கங்களை நான் பார்க்கிறேன்.

கண்ணுக்கு மட்டும்தானா. சட்டம் சொல்லும் குறைபாடுகள் 21 வகை. காது கேளாதவருக்கு "முன்பதிவுக்கு அழைக்கவும்" என்பது மூடிய கதவு. சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததில் உடம்பு முடங்கியவருக்குச் சின்னப் பட்டனைத் தொடுவதே பாடு. மனநோயும் அந்த 21இல் ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த மாவட்டம் இது. மனநல மருத்துவர் எங்கே, எப்போது கிடைப்பார் என்று தேடும் ஒருவரை, பாதியில் காலாவதியாகும் படிவம் திருப்பி அனுப்பக் கூடாது.

இரண்டாம் வருடம் என்ன ஆகும். முதல் பில்லை எல்லோரும் கேட்கிறார்கள். அடுத்த வருடம் யார் கையில் இருக்கும், என்ன செலவாகும் என்று கேட்பவர் குறைவு.

மெல்லிய சிக்னலில் திறக்கிறதா. கடற்கரை ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

## வழி ஒன்று: ஒரு வரி விட்ஜெட்

பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு ஒரு வட்டம் வரும். அதைத் தொட்டால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், உரக்கப் படிக்க வைக்கலாம். தளத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள்.

ஆகாது. டீச்சரிடம் ஏற்கெனவே டாக்பேக் இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பார்வையற்றவர்கள் பலர், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கி இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு இரண்டாவது குரல் தேவையில்லை, தங்கள் குரலுக்குப் படிக்கக் கிடைக்கும் எழுத்துதான் தேவை. விட்ஜெட் அந்தப் போஸ்டருக்குள் இருக்கும் வியாழக்கிழமையை வெளியே எடுத்துத் தராது. சில சமயம் அவர்களுடைய ஸ்கிரீன் ரீடரோடு மோதி, முன்பு வேலை செய்ததையும் கெடுக்கும். எந்தத் தளத்தையும் தரத்துக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு விட்ஜெட் நிறுவனத்தின் மீது, அது மக்களைத் தவறாக நம்பவைத்தது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2025இல் 10 லட்சம் டாலர் கட்டவைத்தது. வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: பெரும்பாலும் வருடச் சந்தா. கட்டுவதை நிறுத்திய நாளில் ஒன்றும் மிஞ்சாது, ஏனென்றால் உங்கள் தளத்தில் எதுவுமே திருத்தப்படவில்லை. வெளியிலிருந்து இறங்கும் கூடுதல் குறியீடு, மெல்லிய சிக்னலில் பக்கத்தை இன்னும் தாமதமாக்கும். உங்கள் தளத்துக்கு வந்தவர் எந்த உதவியைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் வெளியாள் ஒருவர் கைக்குப் போகலாம். நோயாளி விஷயத்தில் எனக்கு இது உறுத்துகிறது.

எப்போது சரி: உங்கள் தளம் வேறு ஊரில் உள்ள தலைமை மருத்துவமனையின் கட்டுப்பாட்டில் இருந்து, உங்களால் உள்ளே கை வைக்கவே முடியாதபோது, மங்கலான பார்வை உள்ளவர்களுக்குச் சில மாத ஒட்டாக வைக்கலாம். அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி இரண்டு: இருப்பதைச் செப்பனிடுவது

பெரும்பாலான சிறு மருத்துவமனைகளுக்கு நான் சொல்வது இதுதான். காரணம் எளிது: தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கின்றன. வெப்சைட் அணுகலை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு 2024இல் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்ததில் 95.9 சதவீதத்தில் குறை இருந்தது. அதிகம் கிடைத்தவை ஆறே வகை: மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவக் கட்டம், காலியான இணைப்பு, காலியான பட்டன், மொழி குறிக்காத பக்கம். இந்த ஆறையும் சரிசெய்யத் தளத்தை இடிக்க வேண்டியதில்லை.

அளவுகோலாக டபிள்யூசிஏஜி 2.2 என்ற சர்வதேச வெப்சைட் அணுகல் தரத்தின் ஏஏ என்ற நடு நிலையை வைத்துக்கொள்ளலாம். 2023 அக்டோபரில் வந்தது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கிறது. தொடும் பட்டன் 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்கிறது (சில விலக்குகள் உண்டு). நிற வேறுபாட்டைப் பார்வைக் குறைபாட்டுச் சங்கதி என்று ஒதுக்காதீர்கள். பாம்பன் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் உச்சி வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கும் வெளிர்சாம்பல் எழுத்து தெரியாது.

வேலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். நான் செப்பனிட்ட ஒரு தளம் பன்னிரண்டு பக்கம், இரண்டு வாரம் பிடித்தது. முதலில் போஸ்டரை எடுத்துவிட்டு, டாக்டர் பெயர், துறை, கிழமை, நேரம் என்று உண்மையான அட்டவணை போட்டேன். "செ", "வி" என்று சுருக்காமல் செவ்வாய், வியாழன் என்று முழுதாக எழுதினேன், கேட்பவருக்குச் சுருக்கம் புரியாது. "ஆர்த்தோ" பக்கத்தில் "எலும்பு மருத்துவர்", "நெப்ரோ" பக்கத்தில் "சிறுநீரக மருத்துவர்" என்று சேர்த்தேன். டாக்டர் இருக்கும் நாள் பச்சை, இல்லாத நாள் சிவப்பு என்று மட்டும் இருந்ததை "உண்டு", "இல்லை" என்று எழுத்திலும் போட்டேன். தானாக ஓடும் முகப்புப் படங்களை நிறுத்தினேன்.

டோக்கன் படிவம்தான் நாள் பிடித்தது. கட்டத்துக்குள் மங்கலாக "பெயர்" என்று எழுதி வைத்திருந்தார்கள். தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையான பெயர் வைத்தேன். தேதிக்கு ஒரு நாள்காட்டி குதித்து வரும். அதில் கீபோர்டால் நகரவே முடியவில்லை, ஸ்கிரீன் ரீடரும் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட்டு, அடுத்த ஏழு நாளையும் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்தேன். கோணல் எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்சாவை நீக்கினேன். ஓடிபிக்கான நேரத்தைக் கூட்டினேன்.

குறியீட்டால் தீராத ஒன்றும் உண்டு. சாய்தளம் எந்த வாசலில், லிப்ட் இருக்கிறதா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எந்த மாடியில், பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மூக்கையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, தவழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்குக் கிளம்பும் முன்பே இது தெரிய வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: ஆன்லைன் பேமெண்ட், லேப் ரிப்போர்ட் இரண்டும் வேறு கம்பெனியின் மென்பொருளாக இருக்கும். உங்கள் பக்கம் சரியாகி, ரிப்போர்ட் மட்டும் ஸ்கேன் செய்த படமாகவே வந்துகொண்டிருக்கும். அவர்களிடம் எழுத்தாகப் படிக்கும் பிடிஎஃப் கேட்டுத் தொங்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எப்போது சரி: தளம் யூனிகோடில் இருந்து, வேர்ட்பிரஸ் போல யாரும் திறந்து திருத்தக்கூடிய ஒன்றில் கட்டப்பட்டிருந்தால்.

## வழி மூன்று: புதிதாகக் கட்டுவது

மூன்று நிலைமைகளில் இதுதான் மலிவு. ஒன்று, பழைய எழுத்துருவில் பக்கங்கள் நிறைந்திருப்பது. இரண்டு, கட்டிக் கொடுத்தவர் ஊரை விட்டுப் போய்விட்டார், பாஸ்வேர்டும் யாரிடமும் இல்லை என்ற நிலை. மூன்று, பக்கம் முழுக்கப் படங்களை வெட்டி ஒட்டியே கட்டப்பட்டிருப்பது. இப்படிப்பட்ட தளத்தைச் செப்பனிடுவது உப்புக் காற்று அரித்த கம்பிக்கு வெள்ளையடிப்பது போல.

ஆனால் புதிது என்பதாலேயே எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது. புதிதாகக் கட்டுபவர் கண்ணுக்கு அழகான தீம் (தயார் வடிவமைப்பு) ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால், பழைய தவறுகள் புது நிறத்தில் வரும். வேர்ட்பிரஸில் அணுகலுக்குத் தயார் என்று குறியிட்ட தீம்கள் தனியாகவே இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ஐஎஸ் 17802 (இந்தியாவின் அணுகல் தரம்), டபிள்யூசிஏஜி 2.2 ஏஏ என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "எல்லோருக்கும் பயன்படும் வகையில்" என்ற வரியை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

மறைந்திருக்கும் செலவு: பழைய பக்கங்களை மறுபடி தட்டச்சு செய்வது, மருத்துவர் யாராவது அதைச் சரிபார்ப்பது, 18 சதவீத ஜிஎஸ்டி. கட்டும் மாதங்களில் பழைய தளம் அப்படியேதான் இருக்கும். அந்த மாதங்களிலும் நோயாளி வருவார்.

## வழி நான்கு: போனும் வாட்ஸ்அப்பும்

"எழுத்து மட்டும்" என்று தனிப் பக்கம் வைக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முக்கியப் பக்கம் மாறும், அது மாறாது, மூன்றாம் மாதம் பழைய டாக்டர் பெயர்தான் அதில் இருக்கும்.

போனும் வாட்ஸ்அப்பும் அப்படி ஒதுக்கக்கூடியவை அல்ல. வயதானவர்களும் படிக்காதவர்களும் உண்மையில் நாடுவது ஒரு மனிதக் குரலைத்தான். காது கேளாதவர்கள் நிறையப் பேர் வாட்ஸ்அப்பில் எழுதியோ வீடியோவில் சைகை செய்தோ பேசுகிறார்கள். சைகை மொழியே முதல் மொழியாக உள்ளவருக்கு நீளமான தமிழ் வாக்கியம் கடினம், ஆகவே பதில் சுருக்கமாக இருக்க வேண்டும். மனிதர் பதில் சொல்லும் ஒரு எண், நல்ல வெப்சைட்டுக்கும் துணையாக வேண்டியதுதான்.

ஆனால் துணையாக மட்டும். இரவு பத்து மணிக்கு யார் எடுப்பார்? பதில் சொல்லும் பெண் லீவு போட்டால்? ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் வரவேற்பறையில் யாருடைய சொந்தப் போனிலோ தங்கும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. அதோடு, மற்றவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வதை மாற்றுத்திறனாளி மட்டும் கேட்டுத்தான் பெற வேண்டும் என்றால், டீச்சர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

எப்போது சரி: இரண்டு டாக்டர் உள்ள கிளினிக், வெப்சைட்டே இல்லை என்றால். அப்போதும் நேரம், முகவரி, வாசல் விவரத்தை எழுத்தாகப் போட்ட ஒரே ஒரு பக்கம் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | விட்ஜெட் | செப்பனிடுவது | புதிதாகக் கட்டுவது | போன், வாட்ஸ்அப் |
|---|---|---|---|---|
| தனியாக முடியுமா | முடியாது | முடியும் | சரியாகக் கட்டினால் முடியும் | முடியாது, கேட்டுத்தான் |
| தமிழ் | அடியில் உள்ள குறை அப்படியே | யூனிகோடாக இருந்தால் நன்று | முழுதும் சரியாகும் | நன்று |
| காது கேளாதவர் | பயன் குறைவு | நன்று | நன்று | வாட்ஸ்அப் மட்டும் |
| முதல் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| அடுத்த வருடம் | மீண்டும் சந்தா | பயிற்சி, சோதனை | பயிற்சி, சோதனை | ஆள் சம்பளம் |
| மெல்லிய சிக்னல் | தாமதமாகும் | பெரும்பாலும் வேகம் கூடும் | எந்தத் தீம் என்பதைப் பொறுத்தது | நன்று |

## எல்லா வழியிலும் ஒளிந்திருக்கும் செலவு

நான் செப்பனிட்ட தளத்தில் மூன்றாவது வாரமே பழைய மாதிரி போஸ்டர் ஏறியிருந்தது. வரவேற்பறையில் இருக்கும் தங்கச்சி, டாக்டர் ஊரில் இல்லாத நாளை அழகாக வடிவமைத்துப் படமாகப் போட்டிருந்தது. அப்படிப் போடுவது தவறென்று அந்தத் தங்கச்சிக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குறியீட்டைத் திருத்தப் பணம் வாங்கினேன், தினமும் தளத்தில் கை வைக்கும் ஆளை மறந்துவிட்டேன்.

மறுநாள் போய் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனில் டாக்பேக்கை ஆன் செய்து, அது போட்ட போஸ்டரை அதன் காதிலேயே கேட்க வைத்தேன். "படம்" என்று மட்டும் சொன்னதும் முகம் மாறிவிட்டது. இப்போது முதலில் அட்டவணையில் தட்டுகிறது. அப்புறம்தான் போஸ்டர், அதுவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு. எந்த வழியை எடுத்தாலும் இந்த அரை மணி நேரத்தை பட்ஜெட்டில் எழுதுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் மறுபடியும்.

சோதனைக்கும் பணம் ஒதுக்குங்கள். வேவ், லைட்ஹவுஸ் போன்ற இலவசக் கருவிகள் குறைகளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று பார்க்கும், அந்த விளக்கம் "படம்1" என்று இருந்தாலும் பாஸ் போட்டுவிடும். பார்வையற்றவர் ஒருவர், கையை எளிதில் அசைக்க முடியாதவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர்: மூவரையும் கூப்பிட்டு, அவர்கள் போனிலேயே டோக்கன் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அரை நாள் கூலியாவது கொடுங்கள். அவர்கள் செய்வது வேலை.

## கொட்டேஷன் வாங்கும் முன்

உங்கள் தளத்தில் டாக்டர் நேரப் பக்கத்தைத் திறந்து, ஒரு கிழமையின் பெயரை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் அது படம். தேர்வாகி, வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஆங்கில எழுத்தாக உடைந்தால் பழைய எழுத்துரு, புதிதாகக் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள். தமிழாகவே ஒட்டினால் பெரும்பாலும் செப்பனிட்டால் போதும்.

அப்புறம் விலை சொல்ல வருபவரிடம் மூன்று கேள்வி. டாக்பேக்கை ஆன் செய்து, திரையைப் பார்க்காமல் டோக்கன் போட்டுக் காட்டுவீர்களா? எங்கள் ஆளுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி தருவீர்கள்? ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்துக் குறையை எழுதித் தருவீர்களா? முதல் கேள்வியை அங்கேயே, உங்கள் மேஜையிலேயே, உங்கள் போனைக் கொடுத்துக் கேளுங்கள்.